தீர்த்தம்மாளின் வலது கை

கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி புளியை இழுத்து, முகர்ந்து பார்த்து, ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டுக் கொள்கிறார் தீர்த்தம்மாள். மேலே இருக்கும் புளியை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "மேல இருக்கறது மாப்பிள்ளை வூட்டாருக்குக் காட்டறதுங்க. அடியில இருக்கறதுதான் பொண்ணு" என்பார். கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே விலை கூறத் தொடங்கிவிடுவார். அந்தக் கொட்டை கடைசி வரை அங்கேயே இருக்கும். பேச்சுக்கு அது இடைஞ்சலாக இருந்து நான் பார்த்ததில்லை.

"நாலே முக்கா... நாலே முக்கா ஒரு தரம். பாப்பிரெட்டிப்பட்டிப் புளிங்க, வாணியம்பாடிப் புளி இல்ல, வாயில போட்டுப் பாத்துட்டுக் கேளுங்க. நாலே முக்கா ரெண்டு தரம்."

மூன்றாம் தரத்துக்கு மணி அடிப்பதில்லை, தட்டைத் தட்டுவதில்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஓர் உலுக்கு உலுக்குவார். மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கை வரை அடுக்கியிருக்கும் கண்ணாடி வளையல்கள் கலகலவென்று விழும். அவ்வளவுதான், ஏலம் முடிந்தது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன்கூட, "வளையல் ஆடிடுச்சு, இனிமே கேட்டுப் பிரயோஜனம் இல்லப்பா" என்று எழுந்து போய்விடுவான். இடது கையில் இரண்டே வளையல். வலது கையில் எண்ணிப் பார்த்தால் பதினைந்துக்குக் குறையாது; அவை வேறொரு கை ஏற்றியவை. ஏன் இந்தக் கணக்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நான் சொல்கிறேன்.

நான் மொரப்பூர் ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். புளிக்காலம் வந்துவிட்டால் செவ்வாய்க்கிழமைதோறும் பாப்பிரெட்டிப்பட்டி மல்லையன் மண்டிக்கு வந்து, எத்தனை மூட்டை ரயில் வாகனில் ஏறப் போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போவேன். ஏழு வருஷமாக இதுதான் வேலை. ஆகையால் கேள்விப்பட்டதை எழுதவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். சிலவற்றைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

தீர்த்தம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், கட்டைக் குரல். புளிக்கறை தெரியாத காவி நிறப் புடவைகளாகவே பார்த்து வாங்குவார். வலது கை விரல் நுனிகளைப் புளி தின்று தின்று தோல் வெளுத்துப் போயிருக்கிறது. நிறுவையில் முதல் தட்டுக்கு "ஒண்ணு" என்று சொல்லமாட்டார்; "லாபம்" என்பார், பிறகு இரண்டு, மூன்று. ஒரு துணுக்கு வாயில் பட்டால் போதும், சித்தேரி மலையில் எந்தப் பக்கத்து மரம் என்று சொல்லிவிடுவார். நான் ஒருமுறை நம்பாமல் விற்க வந்த மலைக்காரரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். சரியாக இருந்தது. இவ்வளவு புளியில் புரளுகிறவர் வீட்டுக் குழம்பில் புளியே கிடையாது! "நாள் பூராவும் மூக்குல ஏறுதுங்க. சோத்துலயும் அதையே போட்டா நான் என்ன மனுசியா, ஊறுகாயா? எங்க வூட்டுல எலுமிச்சைதான்." ஒருமுறை அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் இதைக் கேட்டுத் திகைத்துப் போனேன்.

மல்லையன் என்பவர் இவர் கணவரின் தாத்தா. தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த மறு வருஷம், ஒரு தராசையும் ஒரு சிவப்புத் துண்டையும் வைத்துக்கொண்டு இந்த இடத்தில் உட்கார்ந்தவர். மலைக்காரர்கள் தலைச்சுமையாகப் புளியையும் கடுக்காயையும் இறக்குவார்கள், வெளியூர் வியாபாரிகள் வாங்க வருவார்கள், இவர் நடுவில். தராசு பக்கத்தில் சம்மணம் போட்டு, வலது கையை நீட்டி அதன்மேல் துண்டைப் போட்டுக்கொள்வார். ஒவ்வொரு வியாபாரியாக வந்து துண்டுக்குள் கையை நுழைத்து அவர் விரல்களைப் பிடிக்க வேண்டும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. முதல் பிடி மணங்குக்கு இத்தனை ரூபாய், அடுத்த பிடி அணா. வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் பிடித்து முடித்ததும் அதிகம் கேட்டவர் பேரை மட்டும் அவர் சொல்வார். அதுதான் ஏலம்.

அவர் வைத்துவிட்டுப் போன சட்டம் இரண்டு. துண்டுக்குள் குடும்பத்துக் கைதான் இருக்க வேண்டும். கூலி ஆள் கை கூடாது. துண்டுக்குள் கேட்ட விலை துண்டுக்கு வெளியே போகக் கூடாது. மல்லையனுக்குப் பிறகு அவர் மகன், அவருக்குப் பிறகு பேரன் ராஜாமணி, தீர்த்தம்மாளின் கணவர். அந்தத் துண்டை ஆயுத பூஜைக்குத் தராசோடு சேர்த்து வைத்துப் பொட்டு வைத்துக் கும்பிடுவார்கள். அறுபத்தாறு வருஷம் இது பிசகாமல் நடந்தது. எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை, ஒருவன் கையை ஒருவன் நம்பி நடக்கிற வியாபாரம் என்று நானே ஸ்டேஷனில் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் ராஜாமணிக்கு வாதம் இழுத்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. காது கேட்கும், இடது கை அசையும், அவ்வளவுதான் மிச்சம். அந்தப் பருவத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை என்னைத் தோளில் அறைந்து, "கிளார்க்கய்யா, வாகன் கெடைக்கலைன்னு சொன்னீங்கன்னா உங்களையே மூட்டையா கட்டி அனுப்பிச்சிடுவேன்" என்று சிரித்த ஆள்! இப்போது மண்டிக்குப் பின்கட்டில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார்.

அவருக்குத் தம்பி கிடையாது, மகன் கிடையாது. ஒரே மகள் கிருஷ்ணகிரியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாசியில் புளி இறங்கும். அதற்குள் துண்டுக்குள் ஒரு குடும்பத்துக் கை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மலைக்காரர்கள் சுமையோடு அரூர் ரோட்டிலிருக்கும் இன்னொரு மண்டிக்கு நடந்துவிடுவார்கள். ஒரு பருவம் போனால் மறு பருவம் திரும்பி வரமாட்டார்கள். மண்டி மூடின மாதிரிதான்.

ஊரார் இப்படிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, பின்கட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து குள்ளம்மாள் என்ற பெண்மணி பார்க்க வந்தவர், கொஞ்சம் புளி கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். ராஜாமணி இடது கையால் எடுத்து வாயில் போட்டார். பிறகு தீர்த்தம்மாளின் கையை இழுத்து, தன் போர்வையை அதன்மேல் மூடி, இரண்டு விரல்களைப் பிடித்து அழுத்தினார். மறுபடி முழுக்கையையும் அழுத்தினார். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கேட்கிறாரோ என்று கொடுத்துப் பார்த்தார். மூன்று நாள் கழித்துத்தான் விளங்கியது, மனிதர் விலை சொல்கிறார் என்று. அந்த வாரமே தீர்த்தம்மாள் விரல் கணக்கைக் கற்றுக்கொண்டுவிட்டார். அதன் பிறகு கஞ்சி வேண்டுமா, வெயில் அடிக்கிறதா, மகளுக்குக் கடிதம் போடவா எல்லாமே விரல்தான். ஒன்றுக்கு ஆமாம், இரண்டுக்கு வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறையும் போர்வையை இழுத்துக் கையை மூடிக்கொண்ட பிறகுதான் அழுத்துவார். "வூட்டுல நாம ரெண்டு பேர்தானே, யாரு எட்டிப் பாக்கப் போறாங்கன்னு கேட்டா மொறைப்பாருங்க. வெறுங்கையில ஒரு நாளும் புடிச்சதில்ல" என்று தீர்த்தம்மாள் சொல்லியிருக்கிறார்.

மாசி மாதம் முதல் செவ்வாய் நான் மண்டிக்குப் போனேன். தராசு பக்கத்தில் தீர்த்தம்மாள் உட்கார்ந்திருந்தார். வலது கையின்மேல் சிவப்புத் துண்டு.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. எனக்கு மட்டுமா? இருபது வியாபாரிகளும் கோவிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவர்கள் போல நின்றார்கள். ஒரு பெண்பிள்ளையின் கையை, அதுவும் மூடிய துணிக்குள், வரிசையாக வந்து ஆண்கள் பிடிப்பதா! அதைவிடப் பெரிய அதிர்ச்சி அந்தத் தெருப் பெண்களுக்கு. தீர்த்தம்மாளின் வலது கையில் ஒரு வளையல்கூட இல்லை. கட்டின புருஷன் உள்ளே உயிரோடு படுத்திருக்கிறான், இவள் மூளிக் கையோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒரு பெண் வாய்விட்டே கத்திவிட்டாள்.

தீர்த்தம்மாள் கோபப்படவில்லை. "வளையல் பேசுதுங்க. உள்ள எத்தனை தரம் அழுத்தறாங்கன்னு பக்கத்துல நிக்கறவருக்குக் கேட்டுடுது. தாத்தா வச்ச சட்டம் கெட்டுப் போகுமில்ல?" என்றார். கழற்றிய வளையல்களைக் கணவரின் தலைமாட்டில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

யாரும் அசையவில்லை. மலைக்காரர்கள் கூடைகளைப் பார்த்தார்கள், அரூர் ரோட்டைப் பார்த்தார்கள். அப்போது முன்னே வந்தவர் முனிராஜ் முதலாளி. சேலத்து மொத்த வியாபாரி. அறுபது வயது, விபூதிப் பட்டை, வெள்ளை வேட்டி. மண்டிக்கு வரும் புளியில் பாதி அவருக்குத்தான் போகும். மற்ற வியாபாரிகளில் பாதிப் பேர் அவரிடம் வாங்கி விற்கிறவர்கள். ராஜாமணி அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். "என்னப்பா நிக்கறீங்க? நம்ம ராஜாமணி வூட்டுப் பொண்ணு, எனக்கு மக மாதிரி. மல்லையன் மண்டி மூடறதா? நான் இருக்கும்போதா?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மண்டி பிழைத்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனிதன் என்றால் இவனல்லவா மனிதன் என்று அன்றைக்கு நான் நினைத்தேன். நினைத்ததை மறைத்துப் பயனில்லை.

ஏலம் முடிந்ததும் தீர்த்தம்மாள் துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவார். கட்டில் ஓரத்தில் உட்காருவார். ராஜாமணி துண்டை வாங்கி இருவர் கைமேலும் மூடுவார். அன்றைய அதிகபட்ச விலையை மனைவி அழுத்திக் காட்டுவார். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் கிண்ணத்திலிருந்து வளையல்கள் கைக்கு ஏறும். கதவு திறந்தே இருப்பதால் முன்கட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

நான்கு வாரம் இப்படிப் போயிற்று. முனிராஜ் முதலாளியின் கை துண்டுக்குள் இருக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டு போவதை நான் கவனித்தேன். நிதானமான வியாபாரி, யோசித்து விலை கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அந்த நேரங்களில் தீர்த்தம்மாள் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார், கண் இமைக்காமல். விலையை மனதில் பிடித்து வைக்கிறார் என்று அதற்கும் நானே அர்த்தம் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் வாரம் டீக்கடையில் முதலாளி என் தொடையைத் தட்டினார். "ஏன்யா கிளார்க்கு, நீயும் ஒருக்கா புளி வாங்கிப் பாக்கறது? வாங்கறதை விடு, வெலை கேக்கறதே ஒரு சொகம்யா." பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

பங்குனி முதல் செவ்வாய். அன்று குள்ளம்மாள் தன் மகன்களோடு பதினான்கு கூடை புளி இறக்கியிருந்தார். சித்தேரியில் அவர் மரங்களின் அந்த வருஷத்து விளைச்சல் மொத்தமும் அதுதான். மூன்று, நான்கு பேர் துண்டுக்குள் கை விட்டு எடுத்தார்கள். ஐந்தாவதாக முதலாளி உட்கார்ந்தார். கை உள்ளே போயிற்று. டீக்கடைக்காரன் மூன்று கிளாஸ் டீ ஆற்றி முடித்தான், அந்தக் கை வெளியே வரவில்லை. குள்ளம்மாளின் மகன் ஒருவன் கொட்டாவி விட்டான்.

தீர்த்தம்மாள் இடது கையால் துண்டின் ஓரத்தைப் பிடித்து, பானை மூடியை எடுப்பது போல எடுத்துவிட்டார்.

ஐயோ, அந்தக் காட்சியை எப்படி எழுதுவேன்! அறுபத்தாறு வருஷத்தில் நடு விலையில் துண்டு விலகியதே கிடையாது. தீர்த்தம்மாளின் கை பலகை மாதிரி விறைத்து விரிந்து கிடந்தது. முதலாளியின் கட்டைவிரல் அந்த உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தது. மற்ற விரல்கள் எந்த விரலையும் பிடித்திருக்கவில்லை. அவை மேலே ஏறி, வளையல் இல்லாத மணிக்கட்டில் இருந்தன. துண்டு போனதுகூட உடனே தெரியாமல் அந்தக் கட்டைவிரல் இன்னும் இரண்டு முறை தடவியது.

முதலாளி கையை இழுக்கப் பார்த்தார். தீர்த்தம்மாளின் விரல்கள் மடங்கி அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. இழுக்க முடியவில்லை. இத்தனை நாள் மெல்லிய குரலில் பேரை மட்டும் சொன்னவர், அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கட்டைக் குரலைத் திறந்தார்.

"சேலத்து மாமா கேக்கறாங்க. எல்லாரும் பாத்துக்குங்க. எந்தச் சரக்குக்குங்க மாமா இந்த வெலை? ஒரு தரம்."

டீக்கடைக்காரன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"குள்ளம்மா ஆயாவோட புளிக்குங்களா, வேற எதுக்குங்களா? ரெண்டு தரம்."

முதலாளியின் விபூதி வியர்வையில் கரைந்து ஓடியது.

"மூணு தரம்." கையை உதறி விட்டார்.

முதலாளி எழுந்து நின்றார். அவர் கூசிப் போவார், தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார் என்று நினைத்தேன். அதுதான் இல்லை! எல்லாரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். "பாத்தீங்களாய்யா? துண்டுக்குள்ள இருந்ததைச் சந்தியில போட்டுட்டா. தாத்தா கட்டுன சட்டத்தை மிதிச்சுட்டா. மல்லையன் மண்டி மானம் இன்னியோட போச்சு!"

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. அந்தச் சட்டத்தை நம்பித்தான் அந்தக் கை ஐந்து வாரமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. துண்டுக்குள் நடப்பதை இந்த அம்மாள் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் மண்டி போய்விடும். அது அவருக்கும் தெரியும், தீர்த்தம்மாளுக்கும் தெரியும். நான் பெருமையடித்துக்கொண்ட அந்த நம்பிக்கையின் யோக்கியதை இதுதானா!

தீர்த்தம்மாள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. "கேட்ட வெலையை வெளிய சொல்லக் கூடாதுன்னுதானுங்க தாத்தா சட்டம். நீங்க இன்னும் வெலையே கேக்கலையே மாமா?"

"இந்த மண்டிக்குள்ள இனிமே ஒரு ஈ நொழையுதான்னு பாக்கறேன்டி" என்று கத்திவிட்டு அவர் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் பயம் வந்தது. பாதிச் சரக்கு வாங்குகிற ஆள் போய்விட்டார். மற்ற வியாபாரிகள் தரையைப் பார்த்தார்கள். இந்த மண்டியில் வாங்கினால் நாளைக்கு முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது? ஒருவர் மெல்லச் செருப்பைத் தேடினார். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, அதில் ஒன்றும் இல்லாத பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

குள்ளம்மாள் எழுந்து வந்தார். மலைக்காரர்களுக்கு 'ங்க' போட்டுப் பேசத் தெரியாது. முதலாளி ஆனாலும் கிளார்க் ஆனாலும் நீ, வா, போதான். "என்னா எல்லாரும் மண்ணைப் பாக்கற? எம் புளி மண்ணுலயா கெடக்குது? கூடையில இருக்குது, அதைப் பாரு. வேணுமின்னா வாயால கேளு. இனிமே அந்தத் துணிக்குள்ள ஒருத்தன் கை போவக் கூடாது. போனா நான் சுமையைத் தூக்கிக்கினு மலை ஏறிடுவேன்."

வாயால் விலை கேட்பதா! மண்டியில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. தன் விலை அடுத்தவன் காதில் விழுவதா என்று வியாபாரிகள் முகம் சுளித்தார்கள்.

மாரண்டஹள்ளியிலிருந்து வரும் மாது என்ற சின்ன வியாபாரி, வாரத்துக்கு நாலு மூட்டைக்கு மேல் வாங்க வக்கில்லாதவன், பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினான். வீட்டில் கன்னடம் பேசுகிறவன். பதற்றத்தில் அதுதான் முதலில் வந்தது. "மூரூவரே!" என்றுவிட்டு, "மூணரைங்க அக்கா, மூணரை ரூவா" என்றான்.

தீர்த்தம்மாள் ஒரு நொடி அவனையே பார்த்தார். பிறகு கூறினார்: "மாரண்டஹள்ளி கேக்கறாங்க. மூணரை. ஒரு தரம்."

"மூணே முக்கா!" செருப்புத் தேடினவர்தான். அடுத்தவன் எடுத்துக்கொண்டு போகிறானே என்று பொறுக்கவில்லை அவருக்கு. "நாலு!" என்றார் முதலாளியிடம் வாங்கி விற்கிறவர் ஒருவர், பயத்தை எங்கே வைத்தாரோ. "நாலுங்க, நாலு ஒரு தரம்" என்று தீர்த்தம்மாளின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கூடைகளின் பக்கத்தில் குந்தியிருந்த மலைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தங்கள் புளிக்கு விலை ஏறுகிற சத்தத்தை அவர்கள் தலைமுறையில் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். நாலேகாலில் நின்றது.

முந்தின வாரம் இதே புளி மூன்று ரூபாய்க்குப் போயிருந்தது. அதற்கு முந்தின வருஷமும் அதை ஒட்டித்தான்.

குள்ளம்மாள் விரலை மடக்கி மடக்கி ஏதோ பார்த்தார். பிறகு நேரே தீர்த்தம்மாளைக் கேட்டார். "இத்தினி வருசமும் இந்த வெலை அந்தத் துணிக்குள்ள இருந்துதா? எங்க ஆத்தா காலத்துல இருந்து இருந்துதா?"

மூன்று தலைமுறையின் பேரைத் தூக்கி அந்தக் கிழவி ஒரே கேள்வியில் தராசில் வைத்துவிட்டார். உள்ளே கட்டிலில் படுத்திருப்பவருக்கும் அது கேட்டிருக்கும். தீர்த்தம்மாளின் முகம் வெளிறியது. முதலாளியின் கையைப் பிடித்தபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

"எனக்குத் தெரியாது ஆயா. பொய் சொல்லல. இனிமே உங் காதுக்கே தெரியும்."

அன்றைக்குப் பதினான்கு கூடையும் போயின. மற்றவர்கள் கொண்டுவந்ததும் போயிற்று. எல்லாம் முடிந்ததும் தீர்த்தம்மாள் பின்கட்டுக்குப் போனார். வழக்கப்படி துண்டு கையில் இருந்தது. கால் மட்டும் வழக்கப்படி நடக்கவில்லை. ஐந்து வாரமாக அவர் இதைக் கணவரிடம் சொல்லவில்லை. பிற்பாடு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "ஒண்ணுலருந்து பத்து வரைக்குந்தான் எங்க வெரலுக்குப் பேசத் தெரியும். இதை எந்த வெரலைப் புடிச்சுச் சொல்றதுங்க?"

வியாபாரிகளும் மலைக்காரர்களும் கலையாமல் நின்றார்கள். நாற்பது பேர் இருக்கும். எல்லார் கண்ணும் அந்தத் திறந்த கதவில்தான். ராஜாமணி எப்படியோ புரண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தாத்தாவின் துண்டு சந்திக்கு வந்ததையும், தாத்தாவின் சட்டம் போனதையும், குள்ளம்மாளின் கேள்வியையும், மாமா என்று கூப்பிட்ட மனிதன் செய்ததையும். அவர் முகத்தில் ஒரு பாதிதான் அசையும். அந்தப் பாதியும் அசையவில்லை.

தீர்த்தம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துண்டை அவர் மடியில் வைத்தார். வெறும் வலது கையை நீட்டினார். அவர் துண்டை எடுத்து மூடப் போகிறார் என்று காத்திருந்தோம்.

ராஜாமணி இடது கையால் துண்டைப் பற்றித் தரையில் தள்ளினார். தலைமாட்டைத் துழாவினார். பித்தளைக் கிண்ணம் கவிழ்ந்து வளையல்கள் மடியில் சிதறின. ஒன்றை எடுத்தார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஒற்றைக் கையால் அதை மனைவியின் விரல்களில் மாட்டித் தள்ளத் தொடங்கினார். தீர்த்தம்மாள் கையைக் குவித்துக் கொடுத்தார். வளையல் கட்டைவிரல் மூட்டுக்கு வந்ததும் படக்கென்று உடைந்தது. வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவர் உடைந்த துண்டுகளைக் கீழே தட்டிவிட்டு, அடுத்த வளையலை எடுத்தார்.